கீரிமலைக்கு ஒரு வாடகை வண்டி

பெயரில் மலை உண்டேயன்றிக் கீரிமலையில் மலை இல்லை. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வடக்கே சென்றால், சுண்ணக்கற்பாறை கடலைச் சந்திக்குமிடத்தில் நன்னீர்க் கேணி காணப்படும். அருகில் நகுலேஸ்வரர் ஆலயம். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் ஆடி அம்முகம் நீங்கப் பெற்றார் என்பது ஐதிகம். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் இங்கு திரளுவர். ஏனைய நாட்களிலும் அந்தியேட்டிக் கிரியைகளுக்காகக் குடும்பங்கள் வந்தவண்ணமிருக்கும்.

அக்குடும்பங்களை ஏற்றிவந்து வெளியே காத்து நிற்கும் வாடகை வண்டிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிஜும் மொறிஸ் மைனருமே இவ்வீதியை ஆண்டன. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அவ்வேளையில் இப்பழைய கார்களே கைகொடுத்தன. அவற்றின் இயந்திரங்களில் அமுக்கம் குறைவு. ஆதலால் சிறிது பெற்றோல் விட்டு இயக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெயிலும் அவை ஓடின. புகை கக்கின, இயந்திரம் தேய்ந்தது. ஆயினும் நோயாளரைச் சுமந்தன. ஆனால் கீரிமலைப் பகுதியோ உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, மக்கள் நெடுங்காலம் விரும்பியபடி செல்ல இயலாத இடமாயிற்று.

2022இல் வேறொரு பஞ்சம் வந்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், 2022 ஜூனில் 470 ரூபாவாயிற்று. பின்னர் பங்கீடு வந்தபோது, தொடக்கத்தில் முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றரும் காருக்கு 20 லீற்றரும் வழங்கப்பட்டன.

என்னிடம் கற்ற இளைஞர் ஒருவர், கடன் பெற்று வாடகை வண்டி வாங்க எண்ணி, "சேர், எந்த வண்டி குறையக் குடிக்கும்?" என்று வினவினார். தாயையும் இரு தங்கைமாரையும் காக்கவேண்டியவர். கணக்குப் பிழைத்தால் வண்டியும் போய்விடும், கடனும் நின்றுவிடும். ஆதலால் நாமிருவரும் கடதாசி எடுத்துக் கணக்கிட்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கீரிமலைக்குப் போய்வர 40 கிலோமீற்றர். முச்சக்கர வண்டி லீற்றருக்கு 25 கிலோமீற்றரும், சிறிய கார் 15 கிலோமீற்றரும் ஓடும் எனக் கொள்வோம். ஒருவர் மட்டும் செல்வதாயின் முன்னதற்கு 1.6 லீற்றர், பின்னதற்கு ஏறக்குறைய 2.7 லீற்றர். முச்சக்கர வண்டியே சிக்கனம். ஆனால் அந்தியேட்டிக்கு யார் தனியே செல்வர்? நால்வர் சென்றால் இரண்டு முச்சக்கர வண்டிகள் வேண்டும்; 3.2 லீற்றர் செலவாகும். கார் ஒன்றே போதும், அதே 2.7 லீற்றர்தான். பங்கீட்டுக் காலத்தை எண்ணினாலும், 5 லீற்றரில் மூன்று பயணம். 20 லீற்றரில் ஏழு பயணம்.

மின்கலமும் பெற்றோலும் சேர்ந்தியங்கும் ஹைபிரிட் கார் நல்லதன்றோ என்று அவர் கேட்டார். நின்று நின்று செல்லும் நகர நெரிசலிலேயே அதன் சிறப்பு மிகுதி. தடை பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை அது மின்னாகச் சேமிக்கும். கீரிமலைப் பாதையோ தட்டையானது, நெரிசலும் குறைவு. அங்கு இலாபம் சுருங்கும். பழைய வண்டியாயின் மின்கலம் மாற்றும் செலவு பல மாத வருவாயை விழுங்கிவிடும். முச்சக்கர வண்டி வாங்குவோர் இரண்டடி இயந்திரத்தைத் தவிர்ப்பது நன்று; அதில் எரியாத பெற்றோலில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடும். நான்கடி இயந்திரம் அவ்வாறு விரயஞ் செய்யாது.

ஆகவே, வண்டியைத் தெரிவதற்கு முன் ஏறுவோரைத் தெரிதல் வேண்டும். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஓரிருவரை ஏற்றுபவருக்கு முச்சக்கர வண்டி. குடும்பங்களைக் கீரிமலைக்கு அழைத்துச் செல்பவருக்கு உதிரிப்பாகம் ஊரிலேயே கிடைக்கும் சிறிய கார். எதுவாயினும் கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும். வீடு திரும்பியதும் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுதல் நலம்.

இளைஞர் சிறிய காரையே தெரிந்தார். முதுமையால் தளர்ந்த பாட்டியர் ஏறி இறங்க எளிதென்பது அவர் சொன்ன காரணம். எம் கணக்கில் நாம் எழுத மறந்த வரி அதுவே.