வெள்ளைச் சுவரில் ஒரு நாட்டியம்

‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. ஆனால் ஆடத் தெரிந்த ஒருத்தி, கூடமும் கோணலில்லாமல் இருந்தும், ஆடாமல் இருந்தால் அவளுக்கு என்ன பழமொழி சொல்வது?

எங்கள் வகுப்பில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். ஆறு வயது முதல் பரதம் பயின்றவள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், “அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. ஆட்டம் போதும்” என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். சலங்கை பரணுக்குப் போயிற்று. அவள் எங்களிடம் வந்து சொன்னபோது நாங்கள் என்ன செய்தோம்? “நல்லதுதானே, மார்க் கூடும்” என்று ஒத்துப் பாடினோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில்தான் அது திரும்ப நினைவுக்கு வந்தது. எங்களில் நால்வருக்கு வீடு ரமணாசிரமத்தை அடுத்த தெருக்களில். அங்கே வங்காளத்து அம்மையார் ஒருவர் குடியிருக்கிறார். “சனிக்கிழமை சாயங்காலம் மாடிக்கு வாங்க. நல்ல டான்ஸ் படம் ஒண்ணு காட்டறேன்” என்று அழைத்தார். அவளையும் சேர்த்து ஐவராகப் போனோம். பாயில் உட்கார்ந்தோம். எதிரே வெள்ளைச் சுவர். ஆசிரமத்து மயில்கள் அகவுவது மாடிவரை கேட்டது.

படத்தின் பெயர் ‘கல்பனா’. 1948-இல் வெளியானது. கறுப்பு வெள்ளை, அதிலும் இந்தி! ‘மாட்டிக்கொண்டோம்’ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளைப் படிப்பதா, ஆட்டத்தைப் பார்ப்பதா என்று முதலில் திண்டாடினோம். சிறிது நேரத்தில் எழுத்தைப் படிப்பதையே விட்டுவிட்டோம்.

கதை எளியதுதான். ஓர் எழுத்தாளர் தம் கதையைப் படமுதலாளி ஒருவரிடம் சொல்லுகிறார். நாட்டியத்துக்காக ஒரு கலைக்கூடம் அமைக்கப் பாடுபடும் இளைஞனின் கதை அது. முதலாளிக்கோ வசூல் ஒன்றே குறி. இளைஞனாக நடித்தவரும் படத்தை இயக்கியவரும் ஒருவரே; அவர்தாம் உதயசங்கர். லண்டனில் அன்னா பாவ்லோவாவோடு ஆடியவர். 1938-இல் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் உண்மையாகவே ஒரு கலைக்கூடம் தொடங்கி, பணமின்றி மூட நேர்ந்தவர். படத்தில் அவர் பட்ட பாடு வெறும் நடிப்பல்ல என்று அம்மையார் சொன்னபோது எங்களுக்கு மனம் கனத்தது.

இன்னொரு செய்தி எங்களைத் துள்ளி எழச் செய்தது. இந்தப் படம் எடுக்கப்பட்டது எங்கோ பம்பாயில் அல்ல. நம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்! ஆடுகிறவர்களில் லலிதாவும் பத்மினியும் உண்டு. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) என்றால் எங்கள் பாட்டிமார்கள் உருகுவார்களே, அதே பத்மினிதான். படம் எடுத்தபோது அவருக்கு ஏறக்குறைய எங்கள் வயது!

ஒரு காட்சியில் தொழிலாளர்கள் இயந்திரங்களாகவே மாறி ஆடுகிறார்கள். கைகள் சக்கரமாகச் சுழல்கின்றன. உடல்கள் நெம்புகோல்களாக ஏறி இறங்குகின்றன. அந்நேரம் எங்கள் தோழியைத் திரும்பிப் பார்த்தோம். உட்கார்ந்தபடியே அவள் பாதங்கள் பாயில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவளுக்கே அது தெரியவில்லை.

படம் முடிந்ததும், “இத்தனை பழைய படம் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது?” என்று கேட்டோம். அந்தக் காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றும்; பாதுகாக்காவிட்டால் சிதைந்தும் போகும். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்துக்கு இன்று பிரதியே இல்லை. ‘கல்பனா’ தப்பியது, புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் அதன் பிரதி பத்திரமாக இருந்ததால். மார்ட்டின் ஸ்கார்செஸி என்னும் அமெரிக்க இயக்குநர் நிறுவிய அமைப்பின் முயற்சியால், இத்தாலியின் பொலோன்யா நகரில் கீறலும் கறையும் நீக்கப்பட்டு, 2012-இல் பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில் அது மீண்டும் திரைகண்டது. கதாநாயகியாக ஆடிய அமலா சங்கர், உதயசங்கரின் மனைவி, 92 வயதில் அங்கே சென்று அதைப் பார்த்தார். உதயசங்கர் 1977-இலேயே காலமாகிவிட்டார்.

நொடிக்கு 24 படங்கள் வீதம் இரண்டரை மணி நேரத்துக்கு எத்தனை? எங்களில் கணக்கில் கெட்டிக்காரி மனத்திலேயே போட்டுச் சொன்னாள்: 2,16,000! இத்தனையையும் செப்பனிட எவ்வளவு பொறுமை வேண்டும்!

திரும்பும் வழியில் செங்கம் சாலையில் மழைத் தூறல். தோழி மெதுவாக, “யாரோ ஒருத்தர் எடுத்து வெச்சிருந்ததாலதானே அது பிழைச்சுது?” என்றாள். படத்தைத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் நால்வருக்கும் பரணில் கிடக்கும் சலங்கை நினைவுக்கு வந்தது. ஒத்துப் பாடிய அந்த நாளும் நினைவுக்கு வந்தது. “அன்னைக்கு நாங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி” என்றோம்.

மறு வெள்ளிக்கிழமை அண்ணாமலையார் கோயிலுக்குப் போனோம். ராஜகோபுர வாயிலின் உட்சுவரில் நாட்டியக் கரணங்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. பிறந்தது முதல் அந்த வாயிலில் நுழைந்தும் நாங்கள் நின்று பார்த்ததே இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் காட்டி, கால் எப்படி நிற்க வேண்டும் என்று விளக்கினாள்.

அவள் அப்பாவிடம் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டாள். “அரையாண்டு மார்க் வரட்டும், பார்க்கலாம்மா” என்றார். அன்று முதல் கணக்கில் கெட்டிக்காரி தினமும் மாலையில் அவளோடு உட்கார்ந்தாள். மற்றவர்கள் அறிவியல் கேள்வி கேட்டோம். சனவரியில் மார்க் வந்தது. முதலிடம் இல்லை; ஆனால் குறையவும் இல்லை.

அப்பாவே ஏணி வைத்துச் சலங்கையை இறக்கினார். தோல்பட்டை ஒன்றை எலி கடித்திருந்தது. கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் தாத்தா, உதிர்ந்த மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்துக் கொடுத்தார். நாங்கள் ஐவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேர்வு நெருங்குகிறது, படிக்கத்தான் வேண்டும். ஆனால் தோழியரே, உங்களில் ஒருத்தி தன் வீணையையோ தூரிகையையோ சலங்கையையோ எடுத்து வைக்கும்போது, “நல்லதுதானே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!