மடை எங்கே அடைத்திருக்கிறது?

பத்து வருடம் உழைத்த கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதா, பார்ட்ஸ் மாற்றி ஓட்டுவதா? 2025 அக்டோபரில் இந்தக் கேள்வி எத்தனையோ வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தது. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10-க்கான ஆதரவை அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் 1. மானிட்டரில் வைத்த சந்தனமும் குங்குமமும் அழியும் முன்பே, அதே மானிட்டரில் 'இனி பாதுகாப்பு அப்டேட் வராது' என்ற அறிவிப்பும் வந்தது. அடுத்த வாரமே தீபாவளி. செலவுக்கு மேல் செலவு.

ஸ்ரீவைகுண்டம், தாலுகா ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் சுற்று வட்டாரத்து ஜனங்கள் மனுவோடு வந்துபோகும் ஊர். அங்கே சின்னதாக ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. நடத்துகிற அம்மாவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. கடையில் இருப்பது ஒரே ஒரு டெஸ்க்டாப். 2014-ல் அவருடைய கணவர் திருநெல்வேலியில் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்.

கணவர் இப்போது இல்லை. அவர் உட்கார்ந்து வடிவமைத்த கல்யாணப் பத்திரிகைகள், கோயில் கொடை நோட்டீஸ்கள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. 'போன தடவை போட்ட மாதிரியே இந்த வருஷமும் போட்டுருங்க' என்று கொடை கமிட்டிக்காரர்கள் வந்து நிற்கும்போது, அந்தப் பழைய ஃபைல்தான் கடைக்குச் சோறு.

பிரச்னை என்னவென்றால், ஒன்பது மணிக்கு சுவிட்ச் போட்டால் வேலைக்குத் தயாராக ஒன்பதேகால் ஆகிறது. பிரவுசரைத் திறந்தால் மவுஸ் அம்பு நகர மறுக்கிறது. அவசரமாக வந்தவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகன், "யம்மா, அதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு. பாதிப் பணம் நான் தாரேன்" என்றான். சர்வீஸுக்கு வந்தவர் மதர்போர்டையும் ப்ராசஸரையும் மாற்றச் சொன்னார். காலேஜில் படிக்கும் அக்கா மகன், "கிராபிக்ஸ் கார்டு போடுங்க சித்தி, பறக்கும்" என்றான். மூன்று பேர் மூன்று பார்ட்ஸைச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் எந்த இடத்தில் திணறுகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. அணைக்கட்டில் தண்ணீர் தளும்பினாலும், வாய்க்காலில் அமலைச்செடி மண்டி மடை அடைத்துக்கொண்டால் கடைசி வயலுக்கு வாழைக்குப் பாயத் தண்ணீர் வராது. அப்போது அணைக்கட்டை உயர்த்திப் பயனில்லை. அடைப்பை எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். ப்ராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க் என்று வரிசையாக வேலை ஓடுகிறது. அதில் எது குறுகலோ, அதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும்.

அடைப்பைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர்தான் வழி காட்டினார். "காசக் குடுக்குறதுக்கு முன்னாடி அது எங்க முக்குதுன்னு பாப்போம்க்கா" என்று கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று தனித்தனியே சதவிகிதம் ஓடும். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே அதைக் கவனிக்க வேண்டும். அந்த அம்மா பேஜ்மேக்கரைத் திறந்தார், பிரவுசரைத் திறந்தார், பிரின்ட் கொடுத்தார். டிஸ்க் 100 சதவிகிதத்தில் போய் நின்றது. மெமரி 90-ஐத் தாண்டியது. சி.பி.யூ. மட்டும் 20-ஐச் சுற்றியே இருந்தது. மாற்றச் சொன்ன ப்ராசஸர் உண்மையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தது. கேம் ஆடாத, வீடியோ எடிட் செய்யாத கடையில் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லை.

டிஸ்க் ஏன் திணறுகிறது? பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் நிஜமாகவே ஒரு தட்டு சுழல்கிறது. டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று. கிராமபோன் ஊசி மாதிரி ஒரு முனை அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கிறது. விநாடிக்கு நூறு, இருநூறு இடங்களுக்குத்தான் அதனால் போய்வர முடியும். விண்டோஸ் 10 பின்னணியில் ஆயிரம் சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது, எல்லாம் சிப். அது விநாடிக்குப் பல ஆயிரம் இடங்களைத் தொட்டுவிடும். பழைய மெஷினில் ஒரே ஒரு பொருளைத்தான் மாற்ற முடியும் என்றால், பெரும்பாலான வீடுகளுக்கும் கடைகளுக்கும் அது எஸ்.எஸ்.டி.தான்.

அடுத்தது ராம். இங்கே இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். ஒன்று, தலைமுறை. 2014 மெஷினில் இருப்பது டி.டி.ஆர்.3. இப்போது பரவலாக விற்கும் டி.டி.ஆர்.4-ல் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஸ்லாட்டில் உட்காராது. இரண்டு, விண்டோஸ் 32-பிட்டா, 64-பிட்டா? 32-பிட்டாக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் ராம் வாங்கிப் போட்டும் பலன் இல்லை. அந்த அம்மாவின் மெஷினில் இருந்தது 64-பிட். ஒரு ஸ்லாட் காலியாகவும் இருந்தது. செகண்ட் ஹாண்டில் இன்னொரு 4 ஜி.பி. போதும்.

ஆனால், பார்ட்ஸ் வாங்குவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. எஸ்.எஸ்.டி.யைக் கடையில் வாங்கலாம். கணவர் செய்து வைத்த ஃபைல்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த ஊர் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்திலேயே 60 செ.மீ.க்கு மேல். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். நம் ஊரில் சி.பி.யூ. என்று சொல்லும் அந்தப் பெட்டியைப் பல கடைகளில் தரையில்தான் வைத்திருப்பார்கள். தண்ணீர் முதலில் புகுவதும் அங்கேதான். அந்தக் கடையில் பெட்டி மேசை மேல் இருந்ததால் தப்பித்தது. பத்து வருட உழைப்புக்கு அதுவரை வேறு நகல் எதுவும் இல்லை.

ஆகவே முதல் செலவு ஒரு பென் டிரைவ். முக்கியமான ஃபைல்கள் எல்லாம் அதில் ஏறின. நகல் எடுக்கும்போது ஃபான்ட்டுகளையும் சேர்த்து எடுத்தார்கள். இது தமிழ் டி.டி.பி. செய்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதில் தமிழ் அடிக்கப் பயன்பட்ட பல ஃபான்ட்டுகள் யூனிகோடுக்கு முந்தியவை. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டாலும், பழைய நோட்டீஸ்களும் பத்திரிகைகளும் பழைய எழுத்துருவிலேயே தங்கிவிட்டன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மாப்பிள்ளை பெயரும் தெரியாது, முகூர்த்த நேரமும் தெரியாது, கிறுக்கல்தான் தெரியும். புது மெஷின் வாங்கிய பிறகு இது தெரியவந்தால் தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

அதனால்தான் எஸ்.எஸ்.டி.யில் புதிதாக விண்டோஸ் ஏற்றாமல், பழைய டிஸ்க்கை அப்படியே 'க்ளோன்' செய்தார் அந்தத் தம்பி. ஃபான்ட், பேஜ்மேக்கர், பிரின்டர் செட்டிங் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. பெட்டியைத் திறந்தபோதே சில்லறை வேலைகளும் முடிந்தன. ஃபேனில் அடைத்த தூசியைத் தட்டினார். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் துடைத்தார். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றினார். அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் கரன்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும்; தேதி தப்பானால் வங்கித் தளமும் அரசுத் தளமும் 'பாதுகாப்பு இல்லை' என்று திறக்க மறுக்கும். இதை வைரஸ் என்று நினைத்துப் பணம் செலவழித்தவர்கள் உண்டு.

சரி, விண்டோஸ்? விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நான்காம் தலைமுறை மதர்போர்டில் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் உட்காராது. மதர்போர்டு மாற்றினால் ராமையும் மாற்ற வேண்டும். மூன்றையும் மாற்றுவதற்குப் பெயர் அப்கிரேடு இல்லை. பழைய டப்பாவுக்குள் புது கம்ப்யூட்டர். அந்தச் செலவுக்கு வாரன்டியோடு புதிதையே யோசிக்கலாம். லினக்ஸ் இலவசம், பழைய மெஷினிலும் நன்றாக ஓடும். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ்கூட இருக்கிறது. நெட் பார்க்க, கடிதம் அடிக்க மட்டும் பயன்படும் வீட்டுக்கு அது நல்ல வழி. பேஜ்மேக்கரை நம்பி இருக்கும் கடைக்குச் சரிவராது.

ஆகவே இந்த மெஷினைக் கொஞ்ச காலம்தான் ஓட்டலாம். வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மகனின் கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தபோதே கடைக்கு வந்ததுதான் இதுவும் என்பதால், அவனே அதில் பதிவு செய்து கொடுத்தான். அது முடிந்த பிறகு, நெட்டைத் துண்டித்துவிட்டு டைப்பிங்குக்கும் பிரின்ட்டுக்கும் மட்டும் இதை வைத்துக்கொள்வது. ஆன்லைன் விண்ணப்பங்களுக்கு வேறு மெஷின் வாங்குவது. இப்படித்தான் அம்மாவும் மகனும் பேசி முடித்தார்கள்.

ஒரு வருடத்துக்காகச் செலவு செய்வது வீண் இல்லையா என்று கேட்கலாம். இங்கேதான் இன்னொரு கணக்கு இருக்கிறது. சில பொருட்கள் நம்மோடு அடுத்த மெஷினுக்கும் வரும், சில வராது. சாட்டா எஸ்.எஸ்.டி., மானிட்டர், கீபோர்டு, யு.பி.எஸ். வரும். டி.டி.ஆர்.3 ராம், பழைய ப்ராசஸர், மதர்போர்டு வராது. வரும் பொருளுக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். வராத பொருளைச் செகண்ட் ஹாண்டில், தேவையான அளவுக்கு மட்டும் வாங்கினால் போதும். ஐந்து வருடம் கழித்துத் தேவைப்படும் என்று வராத பொருளில் பணத்தைப் போடுவதுதான் வீண்.

எஸ்.எஸ்.டி., ராம், பேட்டரி, பென் டிரைவ், அந்தத் தம்பியின் கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. காலையில் சுவிட்ச் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தித் திரும்பினால் திரை தயாராக இருக்கிறது. மகன் அனுப்பிய பணம் அப்படியே பேங்கில் கிடக்கிறது. அடுத்த மெஷினுக்கு அதுதான் முதல்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பழைய சாமான்காரரிடம் போடச் சொன்னார்கள். அந்த அம்மா கொடுக்கவில்லை. அதில் எல்லாம் அப்படியே இருக்கிறது, அதுவே இன்னொரு நகல். பாலித்தீன் பையில் சுற்றி, கணவரின் தேதியைப் பேனாவால் எழுதி, மேட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வந்தார். இன்னொரு டிசம்பர் வந்தாலும் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறாது.