கார்டு மாத்துறதா, விடுறதா?

அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. "படிப்புக்கு ஏதோ கார்டு வேணுமெண்டனியே, இந்தா" என்று காசை நீட்டினா. நான் படிப்பது வரலாறு. கேம் விளையாடத்தான் அந்தப் பொய்.

என்னிடம் இருப்பது 2016 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. மதர்போர்ட் குடுக்கிற 75 வாட்டிலேயே ஓடும். ஆசைப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட் வேணும். பவர் சப்ளையையும் மாற்றவேண்டிவரும்.

வாங்க முதல் கேமில் ரெசல்யூஷனை நல்லாக் குறைத்துப் பார்த்தேன். கார்டுதான் பிரச்சினையெண்டால் ஃபிரேம் கூடியிருக்கவேணும். கூடவில்லை. இழுபடுறது பழைய புரொசெசர். அதை மாற்றினால் மதர்போர்ட், ரேம் என்று சீட்டுக்காசு முழுக்கப் போயிடும்.

காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன் தம்பி, காணாதோ?"

இன்னொரு சீட்டுக்கும் சேர்ந்துவிடுவாவோ என்று பயம் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.