நான்கு நிறப் பாதைகள்

பனிச்சறுக்கு விளையாட்டை நம்பி வாழும் ஊர்கள் ஆல்ப்சு மலைத்தொடரில் பல உள. பனி உருகிப் புல் தலைகாட்டும் காலத்தில் அவ்வூர்கள் என்ன செய்யும் என்று, ஆண்டு முழுவதும் ஒரே வெயிலையும் ஒரே மழையையும் கண்டு பழகிய நாம் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். அவை உறங்குவதில்லை. குளிர்காலத்தில் சறுக்குவோரை ஏற்றிச் சென்ற அதே கம்பிவட இருக்கைகள் கோடையில் மிதிவண்டிகளைச் சுமக்கின்றன. இருக்கைக்குப் பின்னால் இரும்புக் கொக்கியில் வண்டி தொங்கும். முன்னால் அதன் உரியவர் அமர்ந்திருப்பார். உச்சியில் இருவரும் இறங்கிக்கொள்வர். மலையேறும் உழைப்பு மின்சாரத்தினுடையது. இறங்கும் திறமை மட்டும் மனிதனுடையது.

பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சந்திக்கும் எல்லையில் ‘போர்த் து சொலேய்’ என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. ‘கதிரவனின் வாயில்கள்’ என்பது அப்பெயரின் பொருள். பன்னிரண்டு ஊர்கள் ஒன்றிணைந்து ஒரே விளையாட்டுக் களமாக அமைந்த பகுதி அது. 1960ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற ழான் வுவார்னே என்பவர், தம் ஊராகிய மோர்சினுக்கு மேலே அவோரியா என்னும் புதிய ஊர் உருவாக முன்னின்றார். மோர்சினை அடுத்து லே ஜே என்ற சிற்றூர் உள்ளது. 2004ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் மலை மிதிவண்டிக்கான உலக வாகையர் போட்டிகள் அங்கே நடைபெற்றன.

ஜெனிவாவில் பணியாற்றும் என் தம்பி, பள்ளி விடுமுறையில் என்னை வரவழைத்து, ஒரு சனிக்கிழமை அந்த லே ஜேக்கு அழைத்துச் சென்றான். மிதிவண்டியில் ஆர்வம் கொண்டவன் பதின்மூன்று வயதான அவனுடைய மகன். நான் பார்வையாளன்.

மலையில் மிதிவண்டி இறக்கும் இந்தக் கலை பழையதன்று. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளைத் தாமல்பைசு மலைப்பக்கம் கொண்டுபோய், மண்பாதையில் போட்டியிட்டு இறங்கத் தொடங்கினார்கள். பின்சக்கரத்து அச்சினுள் இருந்த தடை சூடேறி, அதிலிருந்த மசகு புகைந்து போய்விடுமாம். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் அதைப் பிரித்து மீண்டும் மசகு அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அந்தப் போட்டிக்கு ‘மீண்டும் அடைத்தல்’ என்று பொருள்படும் ‘ரீப்பேக்’ என்ற பெயர் வந்தது. செம்மண் சரிவுகளில் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு மிதிவண்டி மிதித்த நம் தோட்டத்துப் பெரியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் பிழைப்புக்குச் செய்ததை இவர்கள் பொழுதுபோக்காகச் செய்திருக்கிறார்கள்!

பாதைகளைக் கண்டபோதுதான் எனக்கு வியப்பு மிகுந்தது. மலையில் தானாக அமைந்த ஒற்றையடிப் பாதைகள் என்றே நான் கருதியிருந்தேன். அவை கட்டப்பட்டவை. வளைவுகளில் வெளிப்புறக் கரையை மண்ணிட்டு உயர்த்தியிருக்கிறார்கள். வேகமாக வருபவனைத் தூக்கி எறியாமல் அக்கரையே ஏந்தித் திருப்பிவிடுகிறது. மழைநீர் பாதை வழியே ஓடினால் ஒரே பருவத்தில் அதை அரித்து ஓடையாக்கிவிடும். ஆகவே ஆங்காங்கே பாதையைச் சற்றே தாழ்த்தி, பிறகு உயர்த்தி, நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுகிறார்கள். அந்த ஏற்றத்தாழ்வு ஓட்டுபவனுக்கு இன்பமாகவும் அமைகிறது. வளைவுக்கு முன்னால் எல்லாரும் ஒரே இடத்தில் தடையை அழுத்துவதால் மண் அலையலையாகக் குழிந்துபோகும். அதைச் சீர்செய்ய ஆள்கள் மண்வெட்டியோடு திரிகின்றனர். பாதையோரத்துப் புல்வெளிகளில் பசுக்கள் மணி ஒலிக்க மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு இந்த வேகமெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

இந்தக் கோடை ஏற்பாட்டின் பின்னால் ஒரு கவலையும் உண்டு. லே ஜே ஏறத்தாழ 1,170 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆல்ப்சு கணக்கில் இது தாழ்ந்த இடம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் பனிக்குப் பதிலாக மழை பெய்தது. புத்தாண்டு வேளையில் அப்பகுதியின் சறுக்குப் பாதைகள் பல மூடப்பட்டன. சரிவுகள் பச்சையாகவும் சேறாகவும் கிடந்தன. செயற்கைப் பனியைத் தூவும் கருவிகள் இருந்தும், காற்று குளிர்ந்தாலன்றி அவை பயன்படா. மிதிவண்டி அந்த இழப்பை ஈடுகட்டிவிடும் என்று சொல்வதற்கில்லை. கம்பிவட நிறுவனங்களின் வருவாயில் மிகப் பெரும்பகுதி இன்றும் குளிர்காலத்திலிருந்தே வருகிறது. இருப்பினும் கை கட்டி நிற்காமல் ஊரார் மலைக்கு வேறொரு பயனைத் தேடிக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

கம்பிவடம் ஏறும் இடத்திலும் உச்சியிலும் பெரிய அறிவிப்புப் பலகைகள் உள்ளன. பாதைகள் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என நான்கு நிறங்களில் வரையப்பட்டிருக்கின்றன. பச்சை தொடக்க நிலையினர்க்கு; கறுப்பு தேர்ந்தவர்க்கு. உச்சிப் பலகையின் முன் தம்பியும் மகனும் நின்றார்கள்.

“சிவப்பிலே போடா. சென்ற ஆண்டு முழுக்க நீலத்திலேயே ஓட்டினாய். உன் வகுப்புப் பையன்கள் எல்லாரும் சிவப்புக்குப் போய்விட்டார்கள்” என்றான் தம்பி.

“இல்லையப்பா. எனக்கு இடப்பக்க வளைவு இன்னும் சரியாக வரவில்லை. நீலத்திலேயே போகிறேன்.”

தம்பியின் முகம் சுருங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தான், தலைமையாசிரியர் ஒரு சொல் சொல்ல மாட்டாரா என்று. நான் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

முப்பது ஆண்டுகளாக நான் பார்த்து வருவது இந்த முகச்சுருக்கத்தைத்தான். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். முடிவுகளைக் கையில் வாங்கும் தந்தையரிடம் கண்டிருக்கிறேன். அத்தேர்வு 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்டுவிட்டது, சுருக்கம் போகவில்லை. நாம் பிள்ளைகளுக்கு நிறம் பூசுகிறோம்: இவன் கெட்டிக்காரன், இவள் நடுத்தரம், அவன் கடைசி வரிசை. அந்த மலையில் நிறம் பாதைக்குத்தான் பூசப்பட்டிருந்தது. காலையில் பச்சையில் இறங்கியவன் மாலையில் நீலத்தில் இறங்கலாம். சிவப்பில் அஞ்சியவன் மறுநாள் நீலத்துக்குத் திரும்பலாம். எவரும் பெயர்ப் பதிவேட்டில் குறித்துக்கொள்வதில்லை. கறுப்புப் பாதை கடினம் என்பதை எவரும் மறைக்கவும் இல்லை. வகுப்பறையில் கடினமான பாடத்தை “எளிதுதான், எளிதுதான்” என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளை நாம் குழப்புகிறோம்! எளிதென்று சொல்லப்பட்டதில் தோற்ற பிள்ளை, குறை தன்னிடமே என்று முடிவுகட்டிவிடுகிறது.

பையன் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு, “பெரியப்பா, கீழே அந்த மூன்றாம் வளைவில் நின்று பாருங்கள்” என்று சொல்லிவிட்டு நீலத்தில் இறங்கினான். நாங்கள் கம்பிவடத்திலேயே கீழே வந்து அவன் குறிப்பிட்ட இடத்தில் காத்து நின்றோம். அன்று அவன் ஒன்பது முறை இறங்கினான். முதல் நான்கு முறையும் அந்த இடப்பக்க வளைவில் தடையை அழுத்தி, ஏறத்தாழ நின்றே திரும்பினான். ஐந்தாம் முறை உயர்ந்த கரையில் சக்கரம் ஏறியது, உடல் சாய்ந்தது, கண் வளைவின் முடிவை நோக்கியது. ஆறாவதில் மீண்டும் தடுமாறினான். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்; தம்பியும் எண்ணத் தொடங்கியிருந்தான்.

மறுநாள் தம்பி ஒரு மிதிவண்டியை வாடகைக்கு எடுத்தான். நாற்பத்தெட்டு வயதில், முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பணிந்து, பச்சைப் பாதையின் தொடக்கத்தில் நின்றான். மகன் முன்னே சென்றான். ஒவ்வொரு வளைவிலும் அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி தந்தை வரும்வரை நின்றிருந்ததை, தலைக்கு மேலே நகர்ந்துகொண்டிருந்த இருக்கையிலிருந்து நான் பார்த்தேன்.