வாராக் கடன்

காதலைச் சொல்ல முடியாமல் திருதிருவென்று முழிக்கிற எந்தப் பையனைப் பார்த்தாலும், 'சரியான இதயம் முரளிடா நீ!' என்கிறோம். ஒரு படத்தின் பெயரே ஒரு வியாதிக்குப் பெயராகிப்போனது தமிழில் அபூர்வம்.

கதிர் இயக்கிய 'இதயம்' 1991-ல் வந்தது. அப்போது நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். விவரம் தெரிந்த பிறகு, குரோம்பேட்டை சித்தப்பா வீட்டு டேப்ரிக்கார்டரில் நாடா தேயத் தேயக் கேட்டவை அதன் பாட்டுகள். இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய 'பொட்டு வைத்த' வந்தால் போதும், சித்தப்பா கண்ணை மூடிக்கொள்வார். சமையலறையில் சித்தி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பார்!

பாட்டில் இப்படி உருகுகிறவன், நேரில் கீதாவைப் பார்த்தால் ஊமை. டாக்டருக்குப் படிக்கிற பையன்தான். என்ன தடை? 'மாட்டேன்னு சொல்லிட்டா?' அவ்வளவுதான். கடைசியில் அவள் மனசு திரும்பும்போது, சந்தோஷத்தைக்கூடத் தாங்காத இதயம் அவனுக்கு.

2010-ல் மகன் அதர்வாவின் 'பாணா காத்தாடி'யில், அதே 'இதயம்' ராஜாவாக ஒரு காட்சியில் முரளி தலைகாட்டினார். இன்னும் காலேஜை விட்டபாடில்லை! ஜனங்கள் சிரித்தார்கள். அடுத்த மாதமே, 46 வயதில், மாரடைப்பில் முரளி போய்விட்டார். அந்தப் பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் என்னோடு வருகிற நண்பர் ஒருவருக்கும் அதே வியாதி. வயது இருபத்தேழு. கிண்டியில் ஆபீஸ். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு சானடோரியத்தில் மெசேஜ் டைப் செய்ய ஆரம்பிப்பார். பல்லாவரத்தில் அழிப்பார். பழவந்தாங்கலில் மறுபடி டைப் செய்வார். கிண்டி வந்துவிடும்.

"வேணாம்னு சொல்லிட்டா என்ன சார் பண்றது?"

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன்: "கடையே திறக்கலை. அதுக்குள்ள வாராக் கடனுக்கு ஒதுக்கீடு பண்றீங்களே தம்பி!"

விளையாட்டுக்குச் சொன்னாலும், யோசித்தால் விஷயம் இருக்கிறது. இந்தப் பயத்தை நாம் பணிவு என்று நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில், அந்தப் பெண்ணின் பதிலையும் நாமே எழுதி, நாமே படித்து, நாமே அழுகிறோம். அவளுக்குப் பேச ஒரு வாய்ப்புக்கூட இல்லை. இதற்கு நேர் எதிராக, 'மாட்டேன்' என்ற பிறகும் துரத்துகிற ஹீரோக்களும் நம் சினிமாவில் உண்டு. அவர்களும் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. ஆக, இரண்டும் ஒரே செவிட்டுத்தனம்!

ஒரு தடவை, மரியாதையாகக் கேட்க வேண்டும். 'இல்லை' என்றால் மறுநாள் காலை வழக்கம்போல 'குட்மார்னிங்' சொல்லத் தெரிய வேண்டும். அது தெரிந்தவனுக்குத்தான் கேட்கிற தகுதியே.

போன வாரம் நண்பர் கேட்டுவிட்டார். நேரில், ஆபீஸ் வாசல் டீக்கடையில். அந்தப் பெண் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஸாரி, எனக்கு அப்படித் தோணலை" என்றாளாம்.

"அப்புறம்?" என்றேன் பதற்றமாக.

"இதயம் ஒண்ணும் வெடிக்கலை சார். ரொம்ப நாள் கழிச்சு நல்லாப் பசிச்சுது. ரெண்டு போண்டா சாப்பிட்டேன்."