உட்கார விடாத கால்கள்

"அவனுக்கென்ன, காலாட்டிக்கிட்டே சாப்பிடறான்" என்று ஊரில் சொல்வார்கள். ஆண் காலாட்டினால் சொகுசு, பெண் காலாட்டினால் தரித்திரம். இந்த இரண்டிலும் சேராத ஒன்று இருக்கிறது: ஆட்டாமல் இருக்கவே முடியாத கால். அந்தக் கால்களோடு நான் 11 வருடம் வாழ்ந்தேன்.

அதை வலி என்று சொல்ல முடியாது. மரத்துப்போவதும் இல்லை. கெண்டைக்காலுக்குள், எலும்புக்கும் சதைக்கும் நடுவில் எதுவோ ஊர்ந்து இழுப்பது போல இருக்கும். 'கால் குடையுது' என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தச் சொல்தான் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. எழுந்து நடந்தால் உடனே அடங்கும். படுத்தால் மறுபடி தொடங்கும். பகலில் பெரிதாகத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் வரும், இரவு 10 மணிக்கு மேல் உச்சத்துக்குப் போகும், விடியும் நேரத்தில் விடும். இரண்டாவது பிரசவத்தின் ஏழாம் மாதத்தில் எனக்கு ஆரம்பித்தது. "பிள்ளை பொறந்தா சரியாயிடும்" என்றார்கள். கொஞ்சம் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. பிறகு வருடத்துக்கு வருடம் கூடியது.

ஓய்வெடுக்கும்போது மட்டும் வரும் நோய், ஓய்வே எடுக்காத பெண்ணிடம் யார் கண்ணில் படும்? இரவு 1 மணிக்கு வீட்டுக்குள் நடக்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பாத்திரம் தேய்த்தேன், துணி மடித்தேன், மறுநாளைக்குக் காய் நறுக்கி வைத்தேன். "எங்க மருமக உக்காரவே மாட்டா, அவ்வளவு சுறுசுறுப்பு" என்று அத்தை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னார். நோய்க்குப் பாராட்டு வாங்கியவள் நானாகத்தான் இருப்பேன். கோவையிலிருந்து சென்னைக்குப் போகும் இரவுப் பேருந்தில் பாதி வழி நின்றுகொண்டே போயிருக்கிறேன். தியேட்டருக்குப் போவதை விட்டுவிட்டேன். மூன்று மணி நேரத் தூக்கத்தோடு வேலைக்குப் போய், கணக்குப் புத்தகத்தின் மேல் கண் சொக்குவேன்.

முதலில் பார்த்த மருத்துவர் சத்து மாத்திரை எழுதினார். இரண்டாமவர், "என்னம்மா, வீட்ல ஏதாவது டென்ஷனா?" என்று கேட்டுவிட்டு, தூக்கம் வரட்டும் என்று அமிட்ரிப்டிலின் கொடுத்தார். அன்றிலிருந்து குடைச்சல் இரண்டு மடங்கானது. மனச்சோர்வுக்கான பல மருந்துகளும், மயக்கம் தரும் பழைய வகை அலர்ஜி, சளி மாத்திரைகளும், வாந்தியை நிறுத்தும் சில மாத்திரைகளும் இந்த நோயைக் கூட்டும் என்று பின்னால்தான் தெரிந்தது. பெண்ணின் தூக்கமின்மைக்கு மனசுதான் காரணம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், காலைப் பற்றி யார் கேட்பார்கள்?

கேட்டவர் ஒரு நரம்பியல் மருத்துவர். அவர் கேட்ட கேள்விகள் நான்குதான். காலை அசைக்க வேண்டும் என்ற உந்துதல் வருகிறதா? சும்மா இருக்கும்போது கூடுகிறதா? நடந்தால் குறைகிறதா? மாலையிலும் இரவிலும் அதிகமா? நான்குக்கும் ஆமாம் என்றேன். ஸ்கேனில் தெரியாத இந்த நோயை இப்படிக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று 1945இல் இதை விரிவாக எழுதிப் பெயர் வைத்தவர் கார்ல்-ஆக்ஸல் எக்போம் என்ற சுவீடன் மருத்துவர். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. கர்ப்பகாலத்தில் தொடங்குவது சாதாரணம்.

அவர் என் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தார். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு அது. எனக்கு 14. அந்தத் தாளில் பெண்களுக்கான இயல்பு அளவு 10இல் தொடங்கியது, ஆண்களுக்கு 22இல். ஹீமோகுளோபினும் 12க்கு மேல் இருந்ததால், பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்த எல்லோரும் 'நார்மல்' என்று மடித்துத் தந்திருந்தார்கள். மூளையில் டோபமின் உருவாக இரும்பு வேண்டும். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாயிலும் பிரசவத்திலும் இழந்துகொண்டே, கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிடும் பெண்களையும் சேர்த்து எடுத்த கணக்கில், குறைவுதான் இயல்பு என்று ஆகிவிடுகிறது.

இரும்பு மாத்திரையோடு பிராமிபெக்ஸோலும் எழுதினார். முதல் இரவே ஏழு மணி நேரம் தூங்கினேன். காலையில் அழுதேன். ஆனால் இரும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் நின்றுபோனது. இரண்டு வருடம் கழித்து, இரவு 10 மணிக்கு வந்த குடைச்சல் மாலை 4 மணிக்கே வந்தது. அளவைக் கூட்டியபோது கைகளுக்கும் பரவியது. அடக்கிய மருந்தே காலப்போக்கில் நோயைக் கிளறிவிடுகிறது. இதை ஆக்மென்டேஷன் என்கிறார்கள். இதனாலேயே, 2025இல் வெளிவந்த அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமியின் வழிகாட்டல் இந்த வகை மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. காபாபென்டின், பிரிகாபலின் வகையையும், டிரிப்ஸில் ஏற்றும் இரும்பையும் முன்னால் வைக்கிறது. டிரிப்ஸ் இரும்பு புதிய யோசனையும் இல்லை. நோர்ட்லாண்டர் என்ற சுவீடன் மருத்துவர் 1953லேயே அதைக் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்.

பழைய மருந்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த அந்த மூன்று வாரமும் நான் படுக்கவே இல்லை என்று சொல்லலாம். பிறகு இரும்பு ஏற்றினார்கள், இரவில் 75 மில்லிகிராம் பிரிகாபலின் தொடங்கியது. இரண்டு மாதத்தில் கால்கள் அடங்கின. சும்மா கிடைத்துவிடவில்லை. காலையில் தலை சுற்றும், நான்கு கிலோ கூடியிருக்கிறேன். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய மருந்து இது. ஆனாலும் இரவில் பாத்திரம் தொட்டியிலேயே கிடக்கிறது. "உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?" என்று அத்தை கேட்டார். இப்போதுதான் சரியாகியிருக்கிறது என்றேன்.

இந்த நோய் குடும்பத்திலும் வரும் என்று மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு 68 வயது. என் சிறு வயதில், நடு இரவில் திண்ணைக்கும் கிணற்றடிக்கும் அவர் நடந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். "இதெல்லாம் ஒரு நோயாடி? பொம்பளைங்க எல்லாருக்கும் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். போன மாதம் அவருக்கும் ரத்தம் எடுத்தோம். ஃபெரிட்டின் 19. மருந்தும் இரும்பும் தொடங்கியிருக்கிறார்கள். இந்த வயதில் ஏன் குறைந்தது என்று பார்க்க வேறு பரிசோதனைகளும் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் அந்த 19க்குப் பக்கத்தில் எந்தக் குறியும் போட்டிருக்கவில்லை.