இணையத்தளமும் காணி உறுதியும்

கடை திறக்கும் நாளுக்கு முன்னரே பெயர்ப்பலகை எழுதுவிப்பது எம்மவர் வழக்கம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலாயினும் இங்கே மனுரேவாவின் கிரேட் சவுத் வீதியிலாயினும், பலகை இல்லாத கடையை எவரும் தேடி வருவதில்லை. இன்றோ மக்கள் பலகையைக் காண்பதற்கு முன்னரே கைத்தொலைபேசியில் பெயரைத் தட்டிப் பார்க்கின்றனர். வீட்டின் பின்னறையில் ஒரு தையல் இயந்திரத்துடன் தொழில் தொடங்குபவருக்குங்கூட இணையத்தளம் ஒன்று வேண்டியதாயிற்று. அதனைப் பிறரிடம் கொடுக்காமல் நாமே அமைத்துக்கொள்ளலாமா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

எமது பெறாமகள் ஒருத்தி மனுரேவாவில் சேலைச் சட்டைகள் தைத்துக் கொடுக்கிறாள். அவளுக்குத் தளம் அமைத்துத் தருவதற்கு ஒருவர் 2,400 டொலரும், பராமரிப்புக்கென மாதந்தோறும் 60 டொலரும் கேட்டிருந்தார். "பெரியப்பா, அந்தக் காசுக்கு நான் எத்தினை சட்டை தைக்க வேணும்?" என்று கேட்டாள். சட்டையொன்றுக்குக் கூலி 40 டொலர் என வைத்துக் கணக்குப் பார்த்தோம். அறுபது சட்டைகள், அதன்பின் மாதம் ஒன்றரைச் சட்டை, அத்தொழில் உள்ளவரை.

ஆயினும் எம்மை உறுத்தியது பணமன்று. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினர் சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறே ஒருவரிடம் பணங்கொடுத்துத் தளம் அமைப்பித்தனர். பின்னர் கட்டணம் தொடர்பாக மனக்கசப்பு ஏற்பட்டது. வேறொருவரிடம் மாற முயன்றபோதுதான் இணைய முகவரி தம் பெயரில் அன்றி, அமைத்தவரின் பெயரில் பதியப்பட்டிருந்தமை தெரியவந்தது. பைகளிலும் வாகனத்திலும் அச்சிட்ட முகவரியைக் கைவிட்டு, புதிய பெயருடன் அவர்கள் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

இடம்பெயர்ந்த நம்மவருக்கு இதனை விளக்க வேண்டுமா? ஓடும்போது சட்டி பானையை விட்டோம், காணி உறுதியை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓடினோம். உறுதி தொலைந்தவர்கள் தம் வளவைத் தமது என்று நிறுவப் பட்ட பாட்டையும் கண்டோம். இணைய முகவரியும் ஓர் உறுதியே. வீட்டை எவரும் கட்டித் தரலாம். உறுதியில் நம் பெயர் இருத்தல் வேண்டும்.

ஆகவே முதல் வேலையாகப் பெயரைப் பதிந்தோம். அரசின் 'ஒன்செக்' என்னும் இலவசத் தேடற்கருவியில் பெயரை ஒருமுறை இட்டால், அப்பெயரில் கம்பனி உண்டா, இணைய முகவரி வெறுமையாக உள்ளதா, வணிகக்குறியாக எவரேனும் பதிந்துள்ளனரா என்பன ஒருங்கே தெரியவரும். நியூசிலாந்தின் 'என்செட்' என முடியும் முகவரிகளின் பதிவேட்டை இன்ரநெற்என்செட் என்னும் அமைப்பு பேணுகிறது. 2014 செப்ரெம்பர் 30 முதல் நடுவே 'கோ' என்ற பகுதி இல்லாமலும் முகவரி பெறலாம். உரியவர் என்ற இடத்தில் தொழில் செய்பவரின் பெயரும் அவரது சொந்த மின்னஞ்சலுமே இருத்தல் வேண்டும். புதுப்பிக்க வேண்டிய காலம் வரும்போது நினைவூட்டல் அம்மின்னஞ்சலுக்கே வரும். முகவரியை ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஓர் இரகசியக் குறியீடு உண்டு. உரியவர் கேட்டால் அதனைக் கொடுத்தே ஆக வேண்டும். உரியவராக இராதவர் கேட்டு என்ன பயன்?

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. இந்நாட்டு முகவரிகளில் மாவோரி மொழியின் நெடிற்குறிகளை எழுத இடமுண்டு, தமிழெழுத்துக்கு இடமில்லை. நாம் விட்டு வந்த நாட்டுக்கோ '.இலங்கை' என்று தமிழிலேயே முகவரி உண்டு.

பக்கத்தை எழுதும் வேலையை மனுரேவா நூலகத்தின் கணினியில் தொடங்கினோம். வன்னிப் பாடசாலைகளில் பதினைந்து ஆண்டுகள் சரித்திரம் படிப்பித்த கலைப்பட்டதாரிக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று வாசகர் நகைக்கலாம். ரிம் பேர்ணர்ஸ் லீ சுவிற்சர்லாந்தின் ஆய்வுகூடம் ஒன்றில் உலகின் முதலாவது இணையப் பக்கத்தை ஏற்றியபோது அதிலிருந்தது வெறும் எழுத்தும் சில குறிகளுமே. இது தலைப்பு, இது பந்தி, இது படம் என்று ஓரங்களில் குறித்துச் செல்லும் அவ்வேலை, கட்டுரைக் கொப்பி திருத்தியவர்களுக்குப் பழகிய வேலைதான். இரண்டு வரிகளை மட்டும் மறக்கலாகாது. ஒன்று, பக்கம் 'யூ.ரி.எவ்.-8' முறையில் எழுதப்பட்டது என அறிவிக்கும் வரி. அஃதின்றேல் தமிழ் சிதைந்து தோன்றக்கூடும். மற்றையது, கைத்தொலைபேசியின் அகலத்துக்குப் பக்கம் ஒடுங்கி அமைய வேண்டும் எனக் கூறும் வரி. இவ்வளவும் தொல்லையெனக் கருதுவோர், சொற்களை இட்டாற் பக்கமாக்கித் தரும் கூகிள் சைற்ஸ் போன்ற இலவசச் சேவைகளை நாடலாம். அவற்றுடனும் சொந்த முகவரியை இணைக்க முடியும்.

தமிழை ஏற்றுவதிற்றான் பெறாமகள் திகைத்துப் போனாள். பழைய விளம்பரமொன்றைப் பாமினி எழுத்துருவில் வைத்திருந்தாள். அதனை ஒட்டியதும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பை கொட்டியது. பாமினியில் 'அ' என்று நாம் காண்பது கணினிக்கு ஓர் ஆங்கில எழுத்தே. தமிழ் வடிவம் வெறும் வேடம். யூனிகோட் முறையில்தான் தமிழுக்கெனத் தனியிடம் உண்டு. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவ்வசதி இல்லாத 1995இல், பாடசாலை ஆசிரியராகவும் பின்னர் விரிவுரையாளராகவும் விளங்கிய சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, தாமே எழுத்துருவும் விசைப்பலகை முறையும் உருவாக்கித் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். சுவிற்சர்லாந்தில் இரசாயன ஆய்வாளரான கு. கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். இருவரும் கணினித் தொழிலை வயிற்றுப்பாட்டுக்குக் கொண்டவர் அல்லர். அவர்களுக்கு இல்லாத வசதியெல்லாம் எமக்கு இருக்கையில் ஒரு விலைப்பட்டியலை எழுத அஞ்சுவானேன்?

எதனை எழுதுவது என்பதில் அதிக நேரம் செல்லவில்லை: என்ன தைக்கப்படும், என்ன விலை, எத்தனை நாளாகும், எப்படித் தொடர்புகொள்வது. எதனை எழுதாமல் விடுவது என்பதில்தான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் கழிந்தது. மணப்பெண்ணொருத்தி சட்டையணிந்து நிற்கும் அழகான படமொன்று இருந்தது. அவளும் மகிழ்ச்சியோடு இசைந்தாள். ஆனால் அவளது தமையன் இன்னமும் ஊரில் இருக்கிறார். தங்கை எங்கு இருக்கிறாள் என எவரும் அறிவதை அவர் விரும்புவதில்லை. படத்தை விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் தையற்பொம்மைக்கு அணிவித்துப் படமெடுத்தோம். வீட்டு இலக்கத்தையும் இடவில்லை. 'மனுரேவா புகையிரத நிலையத்துக்கு அண்மையில், முன்கூட்டிப் பேசி வரவும்' என்பதே போதுமானதாயிற்று. இணைய முகவரிப் பதிவேட்டையும் எவரும் தேடிப் பார்க்கலாம் என்பதால், அங்கு நம் விலாசத்தில் எவ்வளவு வெளித்தெரியும் என்பதைப் பதிவு நிறுவனத்திடம் முன்னரே கேட்டறிதல் நன்று. தனிநபருக்கு மறைப்பு வசதி உண்டெனினும் வணிகம் செய்வோருக்கு அது பொருந்தாதிருக்கலாம்; தபாற்பெட்டி இலக்கம் ஒன்று வைத்திருந்தால் கவலையில்லை.

படங்களைச் சுருக்கியே ஏற்றினோம். கைத்தொலைபேசி எடுக்கும் படத்தை அப்படியே இட்டால், முற்கொடுப்பனவு அட்டை பாவிக்கும் தாய்மாரின் பணமல்லவா கரையும்!

முகநூலில் ஒரு பக்கம் இருந்தாற் போதாதா என்போர் உளர். இருக்கட்டும், ஆனால் அது வாடகை வீடு. 1990களில் எம்மவர் பலர் ஜியோசிற்றீஸ் என்ற இலவச இடத்தில் பக்கங்கள் வைத்திருந்தனர். 2009 ஒக்ரோபரில் யாகூ நிறுவனம் அதனை மூடிவிட்டது. சிறு வணிகர்களுக்கெனக் கூகிள் இலவசமாக அமைத்துக் கொடுத்த பக்கங்களும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. ஆகவே பெறாமகளின் பக்கத்தையும் படங்களையும் ஒரு சிறு நினைவகக் குச்சியில் பிரதி செய்து, பிறப்பத்திரங்கள் இருக்கும் கோவையிலே வைத்துள்ளோம்.

தளத்தில் இன்று ஒரே பக்கம்தான் உண்டு. ஆங்கிலம் மேலேயும் தமிழ் கீழேயுமாக. விலைப்பட்டியலில் பாவாடை தாவணிக்கு எதிரே இன்னமும் விலை இல்லை. அயலிலுள்ள மற்றத் தையற்காரிகள் என்ன வாங்குகின்றனர் என அறிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.